பக்கெட்டில் வராத நுரை

1. பாட்டில் உருண்ட சத்தம்

மார்கழி பிறந்து நான்காம் நாள். காலை ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. தருமபுரியில் நான் சூப்பர்வைசராக வேலை பார்க்கும் அப்பார்ட்மென்டின் ஸ்டோர் ரூமில் நின்று, அன்றைக்குத் தேவையான மாப் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலே எங்கோ ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் விழுந்தது. படி படியாகக் குதித்து இறங்கி, சுவரில் மோதி நின்றது. யாரோ ஒரு பிள்ளை அவசரத்தில் பாட்டிலைத் தவறவிட்டிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் கட்டடத்தில் என்னை சூப்பரைசர் என்பார்கள், சார் என்பார்கள், "ஏப்பா கிளீனிங்" என்றுகூடக் கூப்பிடுவார்கள். அப்பா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

என் மகள் தர்ஷினி அப்போது பத்தாம் வகுப்பு. மூன்றாம் மாடியில் இருக்கும் கணக்கு வாத்தியாரிடம் காலை ஆறு மணிக்கு டியூஷன். இண்டூரிலிருந்து இருவரும் என் பைக்கிலேயே வருவோம். அவள் மேலே ஏறுவாள், நான் ஸ்டோர் ரூமுக்குப் போவேன். அன்றும் அப்படித்தான் போனோம். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய மார்கழிக் கோலம். அதில் பாதி அவள் பாவாடையில் ஒட்டியிருந்தது. தரை ஈரமாக இருந்தது. நானே இரண்டு முறை வழுக்கித்தான் அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"ஒண்ணுமில்லப்பா. பாட்டில் எங்க போச்சு பாரு, அது புதுசு."

எலும்பில் மெல்லிய விரிசல் என்றார் டாக்டர். வலது கை, ஆறு வாரம் கட்டு. அன்றைக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. "அப்போ இன்னிக்கு பரீட்சை இல்லியா டாக்டர்?" என்று அவள் கேட்டபோது அந்த அறையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான். டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பப்ளிக்குக்கு முன்னால கட்டு பிரிச்சிடலாம். ஆனா பிரிச்ச உடனே மூணு மணி நேரம் எழுத வருமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல எழுத வேறு ஆள் கேட்டு வாங்கலாம் என்றார்கள் பள்ளியில். தர்ஷினி உடனே மறுத்துவிட்டாள். "பேனா ஓடினாத்தாம்ப்பா எனக்கு கணக்கே வரும். வாயில சொன்னா வராது." அவள் கையாலேயே பொதுத்தேர்வு எழுதுவாளா, மாட்டாளா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் பேச்சு.

இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். "டம்ளருதாங்க, உக்காருங்க" என்பாள் என் மனைவி. உட்காரக் கொஞ்ச நேரம் ஆகும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தரையைத் துடைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களும் படிக்கலாம்.

2. இரண்டு பக்கெட் பாடம்

நான் பி.ஏ. வரலாறு. ஊரில் பாதிப் பேர் பிழைக்கப் போன பெங்களூருக்கே நானும் போனேன். ஓர் ஆபீஸ் காம்ப்ளெக்ஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. முதல் நாள் சூப்பர்வைசர் என் முன்னால் சிவப்பு, நீலம் என்று இரண்டு பக்கெட்டுகளை வைத்தார். அவரும் நம்ம பக்கம்தான், மொரப்பூர்.

"டிகிரி படிச்சவனாமே. பக்கெட்டுக்கு எதுக்கு ரெண்டு கலரு, சொல்லு பாக்கலாம்."

"பார்க்க அழகா இருக்கும்னுங்களா?"

"அழகுக்குன்னா பூச்செடி வெச்சிருப்பம்டா."

நீலத்தில் கிளீனர் கலந்த தண்ணீர். சிவப்பில் வெறும் தண்ணீர். மாப்பை நீலத்தில் நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். அழுக்கான மாப்பைச் சிவப்பில் அலசிப் பிழிந்துவிட்டு, அதன் பிறகுதான் மறுபடி நீலத்துக்குப் போக வேண்டும். ஒரே பக்கெட்டை வைத்துத் துடைத்தால் முதல் அறையின் அழுக்கைக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறோம், அவ்வளவுதான். நம் வீடுகளில் அப்படித்தான் பூசிக்கொண்டிருக்கிறோம்.

மற்றதையும் அங்கேதான் படித்தேன். வேலை மேல் மாடியில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். ஒட்டடை, தூசி முதலில், ஈரம் கடைசியில். தூசியை டிரை மாப்பால் தள்ளி எடுக்காமல் தண்ணீர் தொட்டால் அது சேறு. மாப்பை எட்டு போட்ட மாதிரி வளைத்து இழுத்து, பின்னால் நடந்தபடி துடைக்க வேண்டும்; துடைத்த இடத்தில் நம் கால் படக்கூடாது. நடைபாதையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி காய்ந்த பிறகு மறு பாதியைத் துடைக்க வேண்டும். ஆட்கள் நடக்கக் காய்ந்த பாதி எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும், தரை ஈரம் என்று எச்சரிக்கும் மஞ்சள் கேஷன் போர்டு. லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் தண்ணீர் விடவே கூடாது. பிரஷ், வேக்குவம் மட்டும்தான்.

பத்தொன்பது வருஷம் அங்கே இருந்தேன். கடைசியில் எனக்கு ஒரு பெயரும் வந்தது: நுரைக்காரர். கிளீனர் கேனோடு வரும் அளவு மூடியை நான் தொடுவதே இல்லை. ஊற்றிக் கலக்கி, எழும்புகிற நுரையைப் பார்த்தே டைலூஷன், அதாவது தண்ணீரில் கலந்த அளவு, சரியா என்று சொல்லிவிடுவேன். புதிதாக வருகிற பையன்கள் மூடியால் அளந்து ஊற்றி என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒருநாளும் நான் தப்பாகச் சொன்னதில்லை.

அந்தக் காம்ப்ளெக்ஸின் மாடியில் சாஃப்ட்னர் பிளான்ட் ஒன்று இருந்தது. குழாயில் வருகிற தண்ணீரெல்லாம் உப்பு எடுத்த தண்ணீர். அந்தப் பிளான்ட் இருந்த அறையை வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்கியவனும் நான்தான். என் கைராசிக்குப் பின்னால் அந்த மெஷின் இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

3. தீர்த்தம்

மகளின் படிப்புக்காக ஊர் திரும்பினேன். இந்த அப்பார்ட்மென்ட் கிடைத்தது. ஐந்து மாடி, ஒரு லிஃப்ட், படிக்கட்டும் நடைபாதையும் முழுக்கப் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். தண்ணீர் முழுக்க போர்வெல். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளை படிந்து கிடக்கும்.

என்னோடு வேலை செய்கிறவர் சின்னப்பாப்பா அக்கா. ஏரியூர்ப் பக்கம் பிறந்தவர். கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறார். நான் அங்கே போன முதல் நாள் கிளீனரை ஊற்றிக் கலக்கினேன். நுரை வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏங்க சூப்பரைசரு, இது கிளீனருங்களா, கோயில் தீர்த்தங்களா? தெளிச்சி உட்டுட்டுப் போவலாமாட்டம் இருக்குது."

நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நுரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் அசோசியேஷன் செக்ரட்டரி கீழே வந்தார். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பெங்களூர்ல இருந்து ஆளு வந்திருக்காருன்னாங்க. பார்த்தா வெறும் தண்ணிய வெச்சித் தொடைக்கறீங்க. நுரையும் காணோம், வாசனையும் காணோம். எங்க வூட்டுல வேலை செய்யற அம்மா ஊத்தினாகூட நுரை பொங்குமுங்க."

நுரைக்காரர் என்று பெயர் வாங்கியவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அன்றிலிருந்து நுரை எழும்பும் வரை ஊற்றினேன். எத்தனை மூடி என்று கேட்காதீர்கள். மூடி என்னிடம் இல்லை. அது எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நுரை வந்தது. மல்லிகை வாசனை தெருமுனை வரை போனது. ஒரு வாரம் கழித்து செக்ரட்டரி லிஃப்டிலிருந்து இறங்கி, மூச்சை நன்றாக இழுத்து, "இப்பதாங்க க்ளீனா இருக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில அடையாளங்களை நான் பார்க்காமல் இல்லை. துடைத்த மறுநாளே தரையில் செருப்புத் தடம் தெரிந்தது. தூசி விடாமல் ஒட்டிக்கொண்டது. மாப் வழக்கம்போல ஓடாமல் இழுத்துப் பிடித்தது. கறுப்பு கிரானைட்டில் முகம் தெரிய வேண்டும், புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. இந்த ஊரில் புழுதி அதிகம், இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்னும் ஊற்றினேன்.

4. யார் தெளித்த தண்ணீர்

மகள் விழுந்த இடம் ருக்மணி அம்மா வீட்டு வாசல். அவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார். வருஷம் முழுக்க வாசலில் இரண்டு கை தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போடுவார். மார்கழி என்றால் ஒரு குடம் தண்ணீர். கோலம் படித்திருப்பம் வரை போகும். அவர் தெளித்த ஈரத்தில்தான் என் பெண் வழுக்கினாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று சாயங்காலமே ருக்மணி அம்மா ஒரு தூக்கில் சூடாகக் கேழ்வரகுக் கூழும் இன்னொன்றில் கோழிக் குழம்பும் கொடுத்தனுப்பினார். எலும்புக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தர்ஷினி இடது கையால் ஸ்பூன் பிடித்து இரண்டையும் காலி செய்தாள். நான் தொடவில்லை. அந்த அளவுக்குக் கோபம்.

அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொது இடத்தில் தண்ணீர் தெளிப்பதையும் கோலம் போடுவதையும் நிறுத்த வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். தர்ஷினியும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள். கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ருக்மணி அம்மா எழுந்து நின்றார். "பாப்பா வுழுந்ததுல எனக்கும் மனசு சரியில்லீங்க. ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா வாசல்ல கோலமில்லாம மார்கழி எப்பிடிங்க போவும்? பத்து வருசமா இதே வாசல்ல தெளிக்கறன். ஒரு குஞ்சு வழுக்கலியே."

"வழுக்கிடுச்சேம்மா. இதோ உக்காந்திருக்கு பாருங்க" என்றேன்.

"பத்து வருசத்துல இல்லாதது இப்ப எப்பிடிங்க வந்துது? அதத்தான் கேக்கறன்."

பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். செக்ரட்டரி கையை உயர்த்தினார். "சண்டை எதுக்குங்க. நேர்ல போயிப் பாத்துடலாம்."

எனக்கும் அதுதான் வேண்டும். இந்த மாதிரித் தரையில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோர் கண் முன்னாலும் காட்டிவிட வேண்டும். ஒரு பக்கெட் வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு முன்னால் படி ஏறினேன். பின்னால் கூட்டம் முழுவதும் வந்தது.

5. சோதனை

இரண்டாம் மாடித் திருப்பம். காலையில் போட்ட கோலம் அப்படியே இருந்தது. கோலப்பொடிதான் வழுக்கியது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? முதலில் பொடியைத் துடைத்தெடுத்து ஒருமுறை அலசினோம். சுத்தமான தரை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதன் மேல் வெறும் தண்ணீரை ஊற்றினேன். கல்லில் அங்கங்கே ஒட்டியிருந்த கொஞ்சம் பொடி அப்போதுதான் கண்ணில் பட்டது. "அக்கா, பிரஷ்ஷு போட்டு ஒருதரம் நல்லா தேச்சி உட்டுடுங்க" என்றேன்.

சின்னப்பாப்பா அக்கா கை பிரஷ்ஷால் தேய்த்தார். நாலு இழுப்புதான் இழுத்திருப்பார்.

நுரை வந்தது.

முதலில் பிரஷ்ஷின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. பிறகு பால் பொங்குவது மாதிரி வெள்ளையாக எழும்பித் திருப்பம் முழுவதும் பரவியது. கிளீனர் கேன் கீழே ஸ்டோர் ரூமில் இருந்தது. ஒரு சொட்டுகூட யாரும் ஊற்றவில்லை. அக்கா பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூப்பரைசரு, பக்கெட்டுல வர மாட்டன்னுது, இங்க வந்து ஒளிஞ்சிக்கினு இருக்குது பாருங்க."

ருக்மணி அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "நான் தெளிச்சது வெறும் தண்ணிங்க. இந்த நொரை யாரு வூட்டு நொரை?"

கூட்டம் சிரித்தது. செக்ரட்டரி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "மல்லிகை வாசம் வருதுங்களே" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது அடைத்த மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் நுரை வராது. கிளீனர் குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. நான் நுரைக்காக ஊற்றிய கூடுதல் கிளீனர், தண்ணீரின் உப்போடு சேர்ந்து தரையிலேயே படிந்து, தினம் ஒரு படலமாக ஏறியிருக்கிறது. அதனால்தான் தூசி ஒட்டியது, மாப் இழுத்தது, கல் மங்கியது. காய்ந்திருக்கும் வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாங்கள் துடைப்பது பதினொரு மணிக்கு, ஆட்கள் வெளியே போன பிறகு, போர்டு வைத்து. மற்ற நாளில் ருக்மணி அம்மா தெளிக்கிற இரண்டு கை தண்ணீர் உடனே காய்ந்துவிடும். மார்கழிக் குளிரில் ஒரு குடம் தண்ணீர் காயாது. அந்தப் படலம் ஊறிச் சோப்பாகிவிட்டது. அந்தச் சோப்பில்தான் என் பெண் கால் வைத்தாள்.

பத்து வருஷத்தில் இல்லாதது இப்போது எப்படி வந்தது என்று கேட்டாரே, பதில் நான்தான். அந்தப் பத்து வருஷத்தில் நான் இங்கே இல்லை.

"தப்பு என்னுதுங்க" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன், மெதுவாகத்தான் வந்தது. "அம்மா மேல ஒண்ணுமில்லீங்க. நான் அளவு பாக்காம ஊத்திட்டேன். கடுதாசிய நான் திருப்பி வாங்கிக்கறேன்."

கூட்டத்தோடு மேலே வந்து படியில் உட்கார்ந்திருந்த தர்ஷினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்போ என்னைய வழுக்க வெச்சது நீதானாப்பா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அப்பாவை மாட்டிவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நானும் சிரித்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "நுரை வேணும்னு டார்ச்சு அடிச்சிப் பார்த்தது நானுங்க. அதையும் மினிட்ஸ்ல எழுதிக்குங்க."

ருக்மணி அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதைக் குடித்தேன்.

6. ஏறியதை இறக்கிய கதை

எனக்குச் சம்பளம் தரும் ஹவுஸ்கீப்பிங் கம்பெனியில் சொல்லி சேலத்திலிருந்து ஒரு சிங்கிள் டிஸ்க் மெஷினும் வெட் வேக்குவமும் வரவழைத்தேன். சிங்கிள் டிஸ்க் என்பது அடியில் ஒரு வட்டமான பேட் சுழலும் மெஷின். பார்க்கச் சாதுவாக இருக்கும். கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒரு பக்கம் ஓடும், தாழ்த்தினால் மறுபக்கம் ஓடும். தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. பலம் காட்டினால் அதுவும் காட்டும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் சின்னப்பாப்பா அக்கா ஸ்விட்சை அழுத்திவிட்டார். மெஷின் அவரை இழுத்துக்கொண்டு லிஃப்ட் வரை போனது. அக்காவும் விடவில்லை.

"உடுங்க அக்கா, கைய உடுங்க! உட்டா நின்னுடும்!"

"எருது கட்டறப்ப எங்கூர்ல கயித்த உடுவாங்களா? நீங்க சும்மா இருங்க!"

மூன்றாம் சுற்றில் அக்காவுக்கு அது பழகிவிட்டது. நான்காம் சுற்றிலிருந்து என்னைத் தொட விடவில்லை.

படலத்தை எடுக்க நாங்கள் கிளீனர் எதுவும் போடவில்லை. சூடான தண்ணீர் மட்டும்தான். கொஞ்ச நேரம் ஊற விட்டு, சிவப்பு பேட் போட்டுத் தேய்த்து, எழும்பிய நுரையை வெட் வேக்குவத்தால் உறிஞ்சினோம். அதற்குப் பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர் அலசல். படிகளில் மெஷின் ஏறாது. அங்கே கை பிரஷ்தான். ஒரு படியை முடித்து அதன் முன்விளிம்பையும் பக்கத்தையும் துடைத்த பிறகே அடுத்த படி. ஐந்து மாடிக்கும் நாலு நாள் ஆனது. முதல் நாள் வேக்குவம் டாங்க் முழுக்க நுரைதான். நாலாம் நாள் இரண்டாம் அலசலில் வெறும் தண்ணீர் வந்தது. கல்லில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. "எனக்கு இத்தினி நரை எப்ப வந்துது?" என்றார் அக்கா.

அளவு மூடியும் கிடைத்தது. அக்கா அதில் ஊக்கு போட்டு வைத்திருந்தார். "நீங்கதான் மூடிய தொடறதே இல்லியே. சும்மா கெடந்துதுன்னு எடுத்துக்கினேன்" என்றார். ஊக்குகளுக்கு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து மூடியை மீட்டேன். இப்போது அது ஒரு கயிற்றில் கட்டி கேனிலேயே தொங்குகிறது. கேனில் அச்சடித்த அளவுக்கு ஒரு சொட்டு கூடுதலாக யார் ஊற்றினாலும் அக்கா கையைத் தட்டிவிடுவார். என் கையையும்தான்.

வாசனை போய்விட்டது என்று இரண்டு வீட்டார் புகார் சொன்னார்கள். அவர்களைச் செக்ரட்டரியே திருப்பத்துக்குக் கூட்டிப்போய், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் காட்டினார். "நுரை வருதா? வரலீல்ல? அதாங்க க்ளீன்." இப்போது இதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற மாதிரிச் சொல்கிறார். சொல்லட்டும்.

கோலம் நிற்கவில்லை. ருக்மணி அம்மா தெளித்த பிறகு ஈரத்தை ஒற்றியெடுக்க ஒரு மைக்ரோஃபைபர் துணி கொடுத்தேன். கோலம் நடக்கிற வழியை விட்டு வாசல் பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. துணி வாங்கும்போது நிறத்தை இரண்டு தரம் கேட்டார்.

"பச்சைதானுங்களே? செவப்பு வேணாங்க. அது கக்கூஸ் துணின்னு சின்னப்பாப்பா சொல்லிச்சு."

அக்கா பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

7. கட்டுப் பிரித்த கை

பிப்ரவரி பிறந்தபோது கட்டுப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. பேனாவைப் பிடித்து அரைப் பக்கம் எழுதினாள். எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. அன்றைக்குத்தான் தர்ஷினி முதல்முறையாக அழுதாள். நான் வெளியே போய் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பைக் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மென்மையான எதையாவது அழுத்தி அழுத்தி விடச் சொன்னார் டாக்டர். ஸ்டோர் ரூமிலிருந்து பிரிக்காத ஸ்பான்ஜ் ஒன்றைக் கொண்டுவந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, காலையில் நூறு பிழிப்பு, சாயங்காலம் நூறு பிழிப்பு. "ஒங்க கம்பெனியில எனக்கு வேலை போட்டுக் குடுத்துட்டியாப்பா?" என்பாள். அரைப் பக்கம் ஒரு பக்கமானது. ஒரு பக்கம் நாலானது. பிராக்டிகலில் சோதனைக் குழாயைத் தானே பிடித்தாள். மார்ச்சில் ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் பள்ளி வாசலில் நின்றேன். கணக்குப் பரீட்சையன்று மணி அடித்ததும் வெளியே வந்து, வலது கையை உயர்த்தி ஆட்டினாள். முழுத்தாளும் எழுதிவிட்டாள். கூடுதல் தாளும் வாங்கினாளாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர்த் தண்ணீரைக் கவனியுங்கள். உங்கள் கண்ணை நம்பாதீர்கள், மூடியை நம்புங்கள். வாரம் ஒருமுறை துடைத்துக் காய்ந்த தரையில் வெறும் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தால் அது உங்கள் தப்பு. அடுத்த வீட்டு வாசலைப் பார்க்க வேண்டாம். நாம் துடைத்த தரையில் நடந்துபோகிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய பிள்ளை. எனக்கு அது என் பிள்ளை விழுந்த பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, கணக்கு வாத்தியாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தர்ஷினி அப்பார்ட்மென்டுக்கு வந்தாள். லிஃப்டில் போகலாம் என்றேன். படியில்தான் வருவேன் என்றாள். நான் முன்னால் ஏறினேன், ஒவ்வொரு படியையும் செருப்பால் தேய்த்துப் பார்த்தபடி.

"அப்பா, இப்பிடி ஏறினா வாத்தியாரு தூங்கிடுவாரு."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். பையிலிருந்து அந்த ஸ்டீல் பாட்டிலை எடுத்தாள். அன்று சுவரில் மோதிய இடத்தில் ஒரு நெளிசல் இருக்கிறது. வேறு வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள். மூடியைத் திறந்து தரையில் கொஞ்சம் ஊற்றி, குனிந்து, வலது உள்ளங்கையால் தேய்த்தாள். நன்றாக அழுத்தி, பத்துத் தரம். மணிக்கட்டு வளைவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைத் திருப்பி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். வெறும் தண்ணீர் சொட்டியது.

"நுரை இல்ல. பாஸ்" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டு, உடனே தரையைக் காட்டினாள்.

"இப்ப இங்க ஈரமா கெடக்குது. யாராச்சும் வந்தா? போர்டு எங்கப்பா?"

போர்டு எடுக்க நான் கீழே ஓடினேன்.